ஆமைக்கரட்டை ஆடு தின்ற கதை

"டீச்சர், ஒங்க மலைய ஆடு திங்குதுங்க!"

கூரை மேல் மூட்டை ஏற்றப் போன கண்டக்டர், ஏறிய வேகத்திலேயே இறங்கி ஓடிவந்து, என் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இப்படிக் கத்தினார். எண்பதுகளின் நடுவில் ஏதோ ஒரு வருடம். தருமபுரி போகும் காலை பஸ். சந்தை நாள் வேறு. உள்ளே தக்காளிக் கூடையும் மல்லிகைப் பூவும் டீசலும் கலந்து ஒரு வாசனை. வாந்தி வராமலிருக்க நான் எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வயிற்றில் ஐந்து மாதம்.

வேறு யாராக இருந்தாலும் "என்னது?" என்று கேட்டிருப்பார்கள். நான் புவியியல் டீச்சர். "எந்த மலை?" என்று கேட்டேன்.

"தழையோட, பெருசா, ஆமையாட்டம் ஒண்ணு இருந்துச்சுங்களே, அதுதாங்க."

என் கையிலிருந்த எலுமிச்சம்பழம் நழுவி உருண்டு டிரைவர் காலடிக்குப் போய்விட்டது.

பின் சீட்டிலிருந்த எங்கள் தலைமையாசிரியர், "ஐயோ, ஆமைக்கரடு போச்சே!" என்று எழுந்த வேகத்தில் மேல்கம்பியில் தலையை இடித்துக்கொண்டார். பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேருக்கு விஷயம் புரியவில்லை.

உங்களுக்கும் புரிந்திருக்காது. ஆடு நிதானமாகத் தின்னட்டும். அதற்குள் அந்த மலை எப்படி பஸ் கூரைக்கு ஏறியது என்று சொல்லிவிடுகிறேன்.

பீடிக் கணக்கு

அப்போது கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாம் எங்கள் தருமபுரி மாவட்டத்துக்குள்தான் இருந்தன. எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. மலை இல்லாத இடத்தில் கரடு. கரடு என்பது பாறைக் குன்று. அதை மலை என்று சொன்னால் பாடப்புத்தகம் ஒத்துக்கொள்ளாது, மேடு என்று சொன்னால் ஊர்க்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

மேற்கே ஒகேனக்கல்லில் காவிரி அவ்வளவு தண்ணீரையும் கொட்டிவிட்டு, பள்ளத்திலேயே ஓடி மேட்டூருக்குப் போய்விடும். எங்கள் வயலுக்கு ஒரு சொட்டு ஏறாது. கிழக்கே சித்தேரி மலை வருகிற மேகத்தையெல்லாம் தன் தலையிலேயே நிறுத்தி வைத்துக்கொள்ளும். நடுவில் நாங்கள் ராகியை விதைத்துவிட்டு ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். மாவட்டத்தின் புவியியலை இதைவிடச் சுருக்கமாக நான் வகுப்பில்கூடச் சொன்னதில்லை.

நான் வாழ்க்கைப்பட்டது பாப்பிரெட்டிப்பட்டியில். வேலை பார்த்தது புளியங்கொட்டாய் என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளியில். மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரே ஒரு கரடு கிடக்கும். பெயர் ஆமைக்கரடு. தூரத்திலிருந்து பார்த்தால் தலையை உள்ளே இழுத்துக்கொண்ட ஆமை மாதிரியேதான் இருக்கும். அதன் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் புளியங்கொட்டாய்.

வேலையில் சேர்ந்த அன்று ரோட்டோரம் நின்ற ஒருவரிடம் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். "ரெண்டு பீடி தூரந்தாங்க," என்றார். அந்தப் பக்கத்தில் தூரத்துக்கு அதுதான் அளவு. ஒரு பீடி பற்ற வைத்து முடிவதற்குள் எவ்வளவு நடக்கலாமோ அது ஒரு பீடி தூரம். நான் நடந்தேன், நடந்தேன், நடந்துகொண்டே இருந்தேன். உச்சியில் எதிரே வந்தவரிடம், "ரெண்டு பீடின்னாங்களே?" என்று மூச்சு வாங்கக் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பீடி புடிக்காதவங்களுக்குக் கொஞ்சம் ஜாஸ்திங்க," என்றார்.

அந்தக் கரட்டின் மேல் அந்த ஊருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. "நம் மாவட்டத்தின் உயரமான மலை எது?" என்று பரீட்சையில் கேட்டால், வகுப்பில் முக்கால்வாசிப் பேர் ஆமைக்கரடு என்று எழுதுவார்கள். விடையை அடித்துத் திருத்தினால் மறுநாள் தகப்பன்மார் வந்து நிற்பார்கள். "எவரெஸ்ட்டு பத்தி நீங்க என்னா வேணா சொல்லுங்க டீச்சர், நாங்க பாத்தமா? இத நாங்க தெனம் ஏறி எறங்கறோம்," என்பார்கள்.

கரட்டின் மேல் வண்டிப்பாதை ஒன்று இருந்தது. அறுவடைக் காலத்தில் டிராக்டர் உறுமிக்கொண்டு ஏறும். டிராக்டர் ஏறுகிற இடத்தில் பஸ் ஏறாதா என்று ஊரே மனு எழுதிப் போட்டது. ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: இடையில் குன்று உள்ளதால் பேருந்து இயக்க வழியில்லை.

அத்தையின் கெடு

நான் முழுகாமல் இருப்பது தெரிந்ததும் என் மாமியார் நேராக ஒருநாள் பள்ளிக்கூடம் பார்க்க வந்தார். அத்தை என்றுதான் கூப்பிடுவேன். எதையும் தன் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார். ஆமைக்கரட்டில் பாதி ஏறியதும் ஒரு பாறையில் உட்கார்ந்து, "மாதாவே!" என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். பள்ளிக்கூடம் வரவே இல்லை. அங்கேயிருந்தே திரும்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் தீர்ப்பு சொல்லிவிட்டார்.

"ரோசலி, ஒனக்கு ஏழு முடியற வரைக்கும் பாப்பன். அதுக்குள்ள அந்த ஊருக்கு பஸ் வந்தா வேலைக்குப் போ. வரலன்னா எழுதிக் குடுத்துட்டு வந்துடு. வயித்தத் தூக்கிக்கிட்டுப் பாறை மேல ஏற வுட மாட்டன்."

"அத்தே, லீவு போடலாமே?"

"லீவு முடிஞ்சா? பச்சக் கொழந்தய இடுப்புல வச்சிக்கிட்டு ஏறுவியா?"

என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன். அவர் அத்தைக்கும் தலையாட்டினார், எனக்கும் தலையாட்டினார். எங்கள் வீட்டு மேஜை மின்விசிறியும் அப்படித்தான் ஆடும், ஆனால் அதிலாவது காற்று வரும்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அந்த வேலை எனக்கு உயிர். சாக்பீஸ் தூளும், வகுப்பில் தூங்கி விழுகிற பிள்ளைகளும், கரட்டு உச்சியில் முகத்தில் அடிக்கிற காற்றும் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று உறுதியாகத் தெரிந்தது. அத்தை கெட்டவரும் அல்ல. பயந்துதான் சொன்னார். கெட்டவராக இருந்தால் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் மாணிக்கம் சாரிடம் சொல்லி அழுதேன். அவர் ஒல்லியான மனிதர். ஒரு யோசனை வந்துவிட்டால் உட்கார மாட்டார், வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார். அன்று நடந்தார்.

"டீச்சர், தருமபுரியில ஸ்கூல் கண்காட்சி நடக்கப்போவுதுங்க. பஸ் ரூட்டெல்லாம் முடிவு பண்ற பெரிய அதிகாரி சிறப்பு விருந்தாளியா வர்றாராம். நம்ம மாவட்டத்த அப்பிடியே மலையும் ஆறுமா செஞ்சி வச்சிடுவோம். ஆமைக்கரடு எத்தன சின்னதுன்னு அவரு கண்ணால பாக்கட்டும். 'ச்சீ, இவ்ளோதானா?'ன்னு அவரு வாயாலயே வரணும்."

எனக்கு அந்த நிமிடமே பஸ் ஹாரன் காதில் கேட்டது. அளவுப்படி செய்தால் ஆமைக்கரடு ஒரு பட்டாணி அளவுதான் வரும். பட்டாணியைத் தாண்ட முடியாத பஸ் உலகத்தில் உண்டா?

தலைமையாசிரியரின் கதவு

மாவட்டத்தைத் தூக்கிக்கொண்டு போக ஒரு பெரிய பலகை வேண்டும். பள்ளிக்கூடத்தில் அவ்வளவு பெரிய பலகை தலைமையாசிரியர் அறைக் கதவு ஒன்றுதான். கழற்றிவிட்டார். அதன் பிறகு அவர் அறைக்குள் நாய் வந்தது, கோழி வந்தது. ரகசியமாகப் பேச வேண்டுமானால் அவர் பீரோவுக்குப் பின்னால் போய் நின்று பேசினார்.

கதவில் நான் சாக்பீஸால் எல்லை வரைந்தேன். மாவட்டம் கதவுக்கு அடங்கவில்லை. ஓசூரை உள்ளே தள்ளினால் அரூர் வெளியே விழுந்தது. எப்படியோ மடக்கிப் பிடித்து அடக்கினேன். ஒரு அதிர்ஷ்டம், மேற்கு ஓரத்தில் ஒகேனக்கல் வர வேண்டிய இடத்தில் சரியாகச் சாவித் துவாரம் வந்தது. மாணிக்கம் சார் துள்ளிக் குதித்தார். மைசூர்ப் பக்கத்திலிருந்து செம்பில் தண்ணீர் ஊற்றினால் காவிரி ஓடிவந்து சாவித் துவாரத்தில் அருவியாக விழும். கீழே ஒரு வாளி வைத்தால் போதும்.

மலைகள்தான் கழுத்தை அறுத்தன. முதலில் களிமண்ணில் செய்தோம். அந்த வருட வெயிலில் காய்ந்து வெடித்து, வத்தல்மலை இரண்டு மலையாகிவிட்டது. பிறகு காகிதத்தை ஊற வைத்துக் கூழாக்கிச் செய்தோம். சனி ஞாயிறு கழித்து வந்து பார்த்தால் தீர்த்தமலையில் கரையான் குடியேறியிருந்தது. சிமெண்டில் செய்யலாம் என்றார் மாணிக்கம் சார். செய்தால் கதவை யார் தூக்குவது?

அப்போதுதான் பூங்காவனம் உள்ளே வந்தார். எங்கள் பள்ளியின் சத்துணவு சமையல்காரம்மா. அந்த ஊரிலேயே பிறந்து அந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவர். யார் எதைப் பேசினாலும் அதில் அவருக்கு ஒரு கருத்து இருக்கும்.

"களி கிண்டித் தரட்டுங்களா?"

"பசிக்கல பூங்காவனம்," என்றேன்.

"தின்றதுக்கு இல்லீங்க டீச்சர். மலைக்கு! ராகிக் களிய உருட்டி வச்சிப் பாருங்க, காஞ்சா கல்லுங்க. எங்க வூட்டுக்காரரு ஒருக்கா கோவத்துல பழைய களிய வீசுனாரு, சுண்ணாம்புச் செவுரு பேந்துச்சு."

நானும் மாணிக்கம் சாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நிறமும் எங்கள் பாறையின் நிறம்தான்.

உப்புப் போட்ட மலை

சத்துணவுக் கூடத்துப் பெரிய பானையில், பூங்காவனம் பானையைக் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, துடுப்பால் களி கிண்டினார். ஊர் வீட்டுக்கு ஒரு படி ராகி மாவு கொடுத்தது. சூடான களியை நனைத்த கையால் எடுத்து நானும் பிள்ளைகளும் மலை மலையாக வைத்தோம். சித்தேரி, வத்தல்மலை, தீர்த்தமலை எல்லாம் ஆவி பறக்க எழுந்து நின்றன. எரிமலைப் பாடம் நடத்தியிருக்கலாம், அவ்வளவு ஆவி.

விரல் நுனியை நக்கிப் பார்த்தேன்.

"பூங்காவனம், உப்பு போட்டீங்களா?"

"போடாம? உப்பில்லாம களி கிண்ட என் கைக்கு வராதுங்க."

"மலைக்கு எதுக்கு உப்பு?"

"நாளைக்கு யாராச்சும் வாயில வச்சிட்டு, புளியங்கொட்டாய்க்காரி களி சப்புன்னு இருக்குதுன்னு சொல்லிடக் கூடாதில்லீங்க?"

மலையை உப்போடு விட்டுவிட்டேன். ஒரு வாரத்தில் மலைகள் கல்லாகக் காய்ந்துவிட்டன. தட்டினால் டங் டங் என்றன. ஆமைக்கரட்டை நானே என் கையால் பட்டாணி அளவுக்கு உருட்டி வைத்தேன்.

அதுதான் தப்பாகப் போனது. பூங்காவனம் அந்தப் பட்டாணியைப் பார்த்துவிட்டார்.

"இதென்னாங்க டீச்சர், எலிப் புழுக்கையாட்டம்?"

"அதுதான் ஆமைக்கரடு. அளவு அவ்வளவுதான்."

"எங்க கரடா? மேல எங்க மாரியாத்தா குந்தியிருக்கறா டீச்சர்! இதுமேல அவ எங்க குந்துவா?"

பஸ் வர வேண்டுமானால் கரடு சின்னதாகத் தெரிய வேண்டும் என்று தலைகீழாக நின்று விளக்கினேன். பூங்காவனம் கேட்டார், தலையாட்டினார், "பஸ்ஸு வரட்டுங்க, நல்லதுதான்," என்று ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டு போனவர், கண்காட்சிக்குக் கதவைத் தூக்கிப் போகிற அன்று விடிகாலையில், நாங்கள் யாரும் வருவதற்கு முன், புதிதாக ஒரு பானை களி கிண்டி, என் பட்டாணியின் மேல் வைத்து, சித்தேரி மலையைவிட ஒரு சாண் உயரமாக ஆமைக்கரட்டை எழுப்பிவிட்டார். காடு வேண்டுமென்று சுற்றிலும் முருங்கைத் தழையைச் செருகினார். உச்சியில் ஆத்தாளுக்கு ஒரு மஞ்சள் உருண்டை.

நான் வந்து பார்த்தபோது ஊரே சுற்றி நின்று ரசித்துக்கொண்டிருந்தது. "இப்பதான்யா நம்ம மாவட்டம் மாவட்டமாட்டம் இருக்குது," என்றார் ஒரு பெரியவர்.

 அந்த மலையைப் பார்த்தால் எந்த அதிகாரியும் பஸ் விட மாட்டார், ரோப் கார்தான் விடுவார். பிய்த்து எடுக்கப் போனேன். பூங்காவனம் குறுக்கே நின்றார். ஊரும் நின்றது. பஸ் வேண்டும் என்று மனுப் போட்ட அதே ஊர்! பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மாணிக்கம் சார் என்னை இழுத்துக்கொண்டு நடந்தார்.

என் பழைய வெள்ளைப் புடவையை மேலே போர்த்திக் கதவை ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டு கரட்டில் ஏறி இறங்கினார்கள். ரோட்டில் சைக்கிளில் வந்த ஒருவர் பார்த்துவிட்டு இறங்கி, துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "யாருங்க போயிட்டது?" என்று கேட்டார். என் வேலைதான் என்று சொல்லத் தோன்றியது.

மறுபடியும் கூரை மேல்

இப்போது கண்டக்டர் கத்திய இடத்துக்கு வந்துவிட்டோம்.

சந்தைக்குப் போகிற ஆடுகள் ஏற்கெனவே கூரை மேல் இருந்தன. எங்கள் கதவையும் பக்கத்தில் படுக்க வைத்துக் கட்டியிருந்தார்கள். ஆட்டுக்காரர் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு நல்ல தூக்கம். மற்ற மலைகள் கல்லாகக் காய்ந்தவை, பல் இறங்காது. ஆமைக்கரடு மட்டும் புத்தம் புதிது, மெத்தென்று, இளஞ்சூடாக, உப்போடு, முருங்கைத் தழையோடு. அந்த ஆட்டின் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் தின்றிருப்பேன்.

முதலில் காடு போனது. பிறகு மலை போனது. மாரியாத்தாளும் போனாள். ஆட்டின் மூக்கில் மஞ்சள் ஒட்டியிருந்தது. அது போதாதென்று, மேலே போர்த்தியிருந்த என் புடவை முந்தியிலும் ஒரு முழம் தின்றிருந்தது.

மாணிக்கம் சார் ஏணியில் நின்றபடியே ஆட்டுக்காரரை எழுப்பிச் சண்டை பிடித்தார்.

"ஒங்க ஆடு எங்க ஊரு மலையத் தின்னுடுச்சுங்க!"

ஆட்டுக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "எங்க ஆடு மலைல மேயறதுதானுங்களே?" என்றார்.

சார் ஏணியிலிருந்து இறங்கி வந்து, பின் சீட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். 

போண்டா

கண்காட்சி நடந்த மைதானத்தில் கதவை மேஜை மேல் வைத்துப் புடவையை எடுத்தோம். ஆமைக்கரடு இருந்த இடம், ஆடு நாக்கால் நக்கி நக்கியதில், பள்ளிக்கூடக் கரும்பலகை மாதிரி மட்டமாக இருந்தது. ரோட்டிலிருந்து புளியங்கொட்டாய் வரை வழுவழுவென்று ஒரே சமவெளி. காய்ந்த என் பட்டாணியைக்கூட முழுசாக முழுங்கியிருந்தது அந்த ஆடு.

"எதையாச்சும் வைக்கணுங்க டீச்சர். ஊருக்குத் தெரிஞ்சா என்ன உயிரோட வுட மாட்டாங்க," என்று மாணிக்கம் சார் புலம்பினார். எதிர்க் கடைக்கு ஓடி ஒரு போண்டா வாங்கிவந்து வைத்தார். நன்றாகத்தான் இருந்தது. ஆமை மாதிரியே இருந்தது. அதிகாரி வருவதற்கு நேரமாகிக்கொண்டே போயிற்று. சார் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. பதற்றம் வந்தால் அவர் கை எதையாவது பிய்க்கும், வாய் எதையாவது மெல்லும். வாசலில் கார் சத்தம் கேட்டு நான் திரும்பினேன். திரும்பிப் பார்த்தபோது அவர் வாய் அசைந்துகொண்டிருந்தது.

"சார்!"

அவர் தன் எண்ணெய்க் கையைப் பார்த்தார். மேஜையைப் பார்த்தார். "கடவுளே," என்றார்.

அதிகாரி சஃபாரி சூட் போட்ட பருமனான மனிதர், சென்னைக்காரர். பின்னாலேயே எங்கள் பக்கத்து பஸ் ரூட்டுகளைப் பார்க்கும் உதவியாளர் ஒருவர், கையில் டைரியோடு. மாணிக்கம் சார் மைசூர்ப் பக்கம் நின்று செம்பிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டார். காவிரி ஓடிச் சாவித் துவாரத்தில் விழுந்து வாளியில் சலசலத்தது. அதிகாரி குழந்தை மாதிரி கைதட்டி, இன்னொரு முறை ஊற்றச் சொன்னார்.

பிறகு குனிந்து புளியங்கொட்டாயைத் தொட்டார். "இதுதான் உங்க பள்ளிக்கூடமா? எப்படிப் போய் வர்றீங்கம்மா?"

"நடந்துதாங்க சார். பஸ் கிடையாது."

"ரோட்டுக்குப் பக்கத்துல, மட்டமாத்தானே இருக்கு. ஏன் பஸ் இல்ல?"

உதவியாளர் டைரியைத் திறந்தார். "சார், நடுவுல ஒரு குன்று இருக்குங்க. அதனால..."

"எங்கய்யா இருக்கு? காட்டு."

உதவியாளர் கதவை உற்றுப் பார்த்தார். குனிந்து பார்த்தார். விரலால் தடவியும் பார்த்தார். பாவம், அவர் சொன்னது முழு உண்மை.

நான் பொய் சொல்லிப் பழகாதவள். பொய் சொன்னால் எனக்கு விக்கல் வரும். அதனால் சொல்லிவிட்டேன்.

"அவரு சொல்றது சரிதாங்க சார். அங்க ஒரு கரடு இருந்துச்சு. இன்னைக்குக் காலைல வரைக்கும் இருந்துச்சு. வர்ற வழியில ஆடு தின்னுடுச்சு."

அதிகாரி என்னைப் பார்த்தார். மாணிக்கம் சார் பக்கம் திரும்பினார். சாருக்கும் பொய் வராது.

"ஆமாங்க ஐயா. அப்பறம் வேற ஒண்ணு வச்சோம். அத நான் தின்னுட்டங்க."

 அந்த மனிதர் சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. மேஜையைப் பிடித்துக்கொண்டு, வயிறு குலுங்க, கண்ணில் தண்ணீர் வர. காவிரி கதவு முழுக்கத் தளும்பியது.

"பாத்தியாய்யா?" என்று உதவியாளரைப் பார்த்துச் சொன்னார். "இல்லாத குன்றைக் காட்டி இத்தனை வருஷம் ஓட்டியிருக்கே. அந்தம்மா உன்னை எவ்வளவு நாசூக்கா கேலி பண்றாங்க! ஆடு தின்னுடுச்சாம், இவரு தின்னுட்டாராம்!"

"இல்லீங்க சார், நெசமாவே..." என்று நான் தொடங்கினேன்.

"போதும்மா, இதுக்கு மேல சிரிக்க முடியாது. பஸ் விடச் சொல்றேன்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

எங்களுக்குப் பரிசு கிடைக்கவில்லை. யாரோ மின்சார மணி செய்து பரிசைத் தட்டிக்கொண்டு போனார்கள்.

ஆர்டரில் இல்லாத மேடு

எனக்கு ஏழாம் மாதம் முடியப் போகிற வாரத்தில் பஸ் வந்தது. உண்மையான பஸ். ஊர் அதை மெயின் ரோட்டில் நிறுத்தி வாழைக்கன்று கட்டி, சந்தனம் தெளித்து, டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தது. முன்கண்ணாடிக்குப் பின்னால் புளியங்கொட்டாய் என்று எழுதிய பலகையை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆடு தின்ற விஷயம் ஊருக்குத் தெரிந்துதான் இருந்தது. "ஆத்தாதான் ஆட்டு ரூபத்துல வந்து கரட்ட மறச்சா," என்று பூங்காவனம் தீர்ப்பு சொல்லிவிட்டதால் மாணிக்கம் சார் தப்பித்தார்.

பாப்பிரெட்டிப்பட்டியில் நான் ஏறியபோது அத்தையும் கூட ஏறினார். "பஸ்ஸு நெசமா அந்த ஊருக்குப் போவுதான்னு என் கண்ணால பாக்கணும்," என்றார். மெயின் ரோட்டில் காத்திருந்த ஊர் மொத்தமும் ஏறிக்கொண்டது. உட்காரவும் நிற்கவும் இடமில்லை.

பஸ் திரும்பி ஆமைக்கரட்டுக்கு எதிரே வந்ததும் டிரைவர் பிரேக் போட்டார்.

"இதென்னாய்யா இது?"

"கரடுங்க," என்றார்கள் எல்லோரும் பெருமையாக.

"ஆர்டர்ல சமவெளின்னு போட்டிருக்குதே! அதனாலதான இந்த வண்டியக் குடுத்தாங்க. மலை ரூட்டுன்னா வேற வண்டில்ல குடுத்திருப்பாங்க?"

ஏற்கெனவே கிழண்டு போன வண்டி. உறுமியது, முனகியது, பாதி மேட்டில் புகை கக்கிக்கொண்டு நின்றே விட்டது. டிரைவர் கண்டக்டரிடம் ஏதோ பேசினார். கண்டக்டர் திரும்பி, "எல்லாரும் எறங்குங்க! காலி வண்டின்னா ஏறிடும். மேல போயி ஏறிக்கலாம்!" என்று கத்தினார்.

 அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார்.   அன்று அவர் உட்கார்ந்து சிலுவை போட்டுக்கொண்ட பாறை ஜன்னலுக்கு வெளியே நேர் எதிரே இருந்தது. அவ்வளவுதான், என் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்து எழுந்து படிக்கு வந்தேன்.

"டீச்சரம்மா, நீங்க எங்க எறங்கறீங்க?" என்றார் டிரைவர், கண்ணாடியில் பார்த்துக்கொண்டே. "ஒக்காருங்க."

"எல்லாரும் எறங்கறாங்களே..."

"ஒக்காருங்க டீச்சர்!" என்று கீழேயிருந்து பூங்காவனம் அதட்டினார். "நாங்கல்லாம் பொறந்ததுலேந்து ஏறுனவங்க. ஒங்களுக்கோசரந்தான பஸ்ஸே!"

ஊர் இறங்கியது. மாணிக்கம் சார் இறங்கினார். கண்டக்டர் இறங்கினார். அத்தை கொஞ்ச நேரம் என்னையும் படியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவரும் இறங்கிவிட்டார்.

அவ்வளவு பெரிய பஸ்ஸில் நான் ஒருத்தி. பஸ் மெல்ல மெல்ல ஏறியது. இரண்டு பக்கமும் ஊரே மூட்டை முடிச்சோடு, பேசிக்கொண்டு, சிரித்துக்கொண்டு நடந்து வந்தது. பஸ் கொஞ்சம் திணறினால் பின்னால் போய்க் கை கொடுத்தார்கள். அத்தை என் ஜன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வழி முழுக்க மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டு ஏறினார். அந்தப் பாறையைத் தாண்டியபோது அதை ஒரு முறை முறைத்தார்.

உச்சியில் பஸ் நின்றதும் எல்லோரும் முண்டியடித்து ஏறினார்கள். அத்தை வந்து என் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்து, முந்தானையால் விசிறிக்கொண்டார். மூச்சு அடங்க நேரமாயிற்று. கீழே பள்ளிக்கூடத்து ஓட்டுக்கூரை தெரிந்தது. முதல் முறையாக அதைப் பார்த்தார்.

"அதுதானா ஒம் பள்ளிக்கூடம்?"

"ஆமா அத்தே."

பின்னால் திரும்பி, ஏறிவந்த பாதையைப் பார்த்தார். பிறகு, "கொழந்த பொறந்துட்டா ஒன்ன ஒக்கார வெக்க மாட்டாங்க. நீயும் எறங்கித்தான் நடக்கணும்," என்றார்.

"நடக்கறன் அத்தே."

"கொழந்தயத் தூக்கிக்கிட்டு எப்பிடி நடப்ப? அது எங்கூட வூட்ல இருக்கட்டும். நீ கைய வீசிக்கிட்டுப் போயிட்டு வா."

எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. அதையெல்லாம் அவர் கவனிக்கவில்லை. முன் சீட்டுக் கம்பியைப் பிடித்து எட்டி, "ஏம்ப்பா டிரைவரு, ஏறறதுக்குத்தான் வண்டிக்குத் தெம்பில்ல. எறங்கறதுக்காச்சும் பிரேக்கு இருக்குதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.